அமலி உட்கார்ந்த இடங்கள்

அக்டோபர் 9

இந்த நோட்டு ஆஸ்பத்திரிக்குக் கீழே இருக்கும் கடையில் வாங்கியது. அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் இறங்கியது, எந்த விரல் அசைந்தது என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னாள் நர்ஸ் ஷைனி. மலையாளப் பெண், தமிழ் நன்றாகப் பேசுகிறாள். "டாக்டர் கேட்டா சேச்சி உடனே சொல்லணும்" என்றாள். எல்.கே.ஜி. டீச்சருக்கு எழுதுவதா கஷ்டம்.

ஃபாரத்தில் எழுதிக் கொடுத்ததையே இங்கும் எழுதுகிறேன். நோயாளி: கிளீட்டஸ், வயது 54. கப்பல் பழுது பார்க்கும் யார்டில் ஃபிட்டர். துபாய்க்கு வந்து பன்னிரண்டு வருஷம். செப்டம்பர் 28 காலையில் வீட்டில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் வராது. பேச்சு இல்லை. உடன் இருப்பவர்: மனைவி அமலோற்பவம் (அமலி), தூத்துக்குடி.

ஆம்புலன்ஸுக்கு யார் போன் செய்தார்கள் என்று பாக்கியநாதனிடம் கேட்டேன். என் வீட்டுக்காரருடன் யார்டில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறவர், நாசரேத்துக்காரர். என்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்ததும் அவர்தான். "பக்கத்து வீட்டுக்காரங்க, மதினி" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்தபடியே என் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். "நான் மட்டும்தான் வந்தேன். ஜெனிலாவுக்குப் பரீட்சை" என்றேன். மகள் வரவில்லை என்ற வருத்தம் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபர் 10

காலை: கஞ்சி, ஏழு ஸ்பூன். மதியம்: மசித்த சோறு, நான்கு ஸ்பூன். இடது கையால் தட்டைத் தள்ளினார்.

அவர் வீடு கராமாவில், மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை, கால் வைக்க ஒரு பால்கனி. நான்கு பேர் சேர்ந்து தங்கும் ரூம் என்றுதான் நினைத்திருந்தேன். "கொஞ்ச வருஷமா தனியா எடுத்துட்டாரு" என்றார் பாக்கியநாதன். சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். காபி போடுகிறேன் என்றதற்கும் உள்ளே வரவில்லை.

சுத்தமான வீடு. சீனி, டீத்தூள், மிளகாய்ப்பொடி எல்லாம் கீழ்த் தட்டில் வரிசையாக இருக்கின்றன. மேல் தட்டு காலி. அவர் ஆறடி உயரம், குனிந்து குனிந்தா எடுப்பார்? ஏறி நிற்க ஒரு குட்டி ஸ்டூலும் இருக்கிறது. மிளகாய்ப்பொடி நம் வீட்டுப் பொடி மாதிரி இல்லை. கருக வறுத்து இடித்தது, வாசனை தூக்குகிறது. பால்கனியில் இரண்டு தொட்டி கறிவேப்பிலை. மண் ஈரமாக இருந்தது. அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். நல்ல சனங்கள்.

அக்டோபர் 12

பாக்கியநாதன் இன்று ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இது மெத்தில்டா. சர்ச்சுல தெரிஞ்சவங்க. உங்களுக்குத் துணைக்கு இருக்கட்டும்னு வரச் சொன்னேன்" என்றார். நாற்பது வயது இருக்கும். என் தோள் உயரம்கூட இல்லை. ஊர் மன்னார். புர்கா தைக்கும் கடையில் வேலை.

"சாப்பிட்டீங்களோ அக்கா?" என்று கேட்டாள். இந்த ஊருக்கு வந்து நான்கு நாளில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே வந்து அவரைப் பார்க்கலாமே என்றேன். "மருந்து மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது அக்கா. நான் கீழயே இருக்கிறன்" என்றாள். கேரியரில் மீன் குழம்பு. முள் ஒன்றுகூட இல்லாமல் எடுத்து மசித்திருந்தாள்.

அவர் மதியம் முழுக்கிண்ணமும் சாப்பிட்டார். எழுதி ஷைனியிடம் காட்டினேன்.

அக்டோபர் 15

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அதில் தலச்சேரிக்காரர் ஒருவரின் கஃப்டீரியா. வெளியே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வேப்பமரம். துபாயில் வேப்பமரம் இருக்குமென்று யார் சொன்னார்கள்? மெத்தில்டாதான் கூட்டிப் போனாள். ஏலக்காய் போட்ட டீ, காகித டம்ளரில். கை சுட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, யாரும் யார் நீ என்று கேட்கவில்லை.

இனி தினமும் இரண்டு மணிக்கு, அவர் தூங்கும்போது, இங்கே வரலாம்.

அக்டோபர் 19

இரண்டு விரல் அசைந்தது. இடது கைதான். அது எப்போதும் அசைவதுதான். எழுதாமல் விட்டால் பக்கம் காலியாக இருக்கிறது.

அக்டோபர் 22

ஞாயிறு. சர்ச்சில் தமிழ்ப் பூசை. மெத்தில்டா எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டு அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். சாமியார் அப்பம் கொடுக்கும்போது நன்மை வாங்க எழுந்து வரவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையாக்கும். கேட்கவில்லை.

பிறகு பஸ்ஸில் க்ரீக்குக்குப் போனோம். க்ரீக் என்றால் கடல் ஊருக்குள் புகுந்து கிடக்கிற கழி. மரப்படகுகள் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன, அப்ரா என்கிறார்கள். துணிச் சந்தைக்குப் பின்னால், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் பெஞ்ச். உட்கார்ந்ததும் டீசல் வாசனையும் உப்பு வாசனையும் சேர்ந்து வந்தது. எங்கள் ஊர் பழைய துறைமுகத்து வாசனை.

"இஞ்ச இருந்தால் ஊர் ஞாபகம் வரும் அக்கா. ஆனா அழுகை வராது. அதான் நல்லம்" என்றாள்.

உண்மைதான். நான் பிறந்து நாற்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஓர் இடத்தில் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்ததில்லை. பள்ளிக்கூடம், வீடு, மாமியார் படுக்கை, ஜெனிலாவின் டியூஷன். அவர் இங்கே கிடக்கும்போது எனக்கு ஓர் இடம் பிடித்துப்போகிறது என்று எழுதவே கூசுகிறது. ஆனால் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 27

மீன் மார்க்கெட் போனேன், மெத்தில்டாவோடு. ஹமூர் என்று எழுதிப் போட்டிருப்பது நம் களவாதான். சீலாவைக் காட்டி, "அறக்குளா வாங்குவம் அக்கா" என்றாள். சிரிப்பு வந்தது. போன தடவை லீவில் வந்தபோது அவரும் எங்கள் மீன்காரியிடம் "அறக்குளா என்ன விலை?" என்று கேட்டுவிட்டார். தெருவே சிரித்தது. யார்டில் சிலோன்காரர்கள் அதிகமாம், பேச்சு ஒட்டிக்கொண்டது என்றார். போனிலும் சில வருஷமாகவே ஆமாம் என்று சொல்ல மாட்டார். "ஓம்" என்பார்.

மெத்தில்டாவிடம் இதைச் சொன்னேன். அவள் மீன் செதிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வீட்டுக்காரர் சண்டை நேரத்தில் காணாமல் போனவராம். செத்தாரா, இருக்கிறாரா, யாரும் சொல்லவில்லையாம்.

நவம்பர் 3

பேச்சுப் பயிற்சிக்கு ஓர் அம்மா வருகிறாள், வடநாட்டுக்காரி. இன்று அவர் வாயிலிருந்து முதல் சொல் வந்தது. நான் அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எல்லோரும் சந்தோஷமாக நிற்கிறார்கள். "மெத்தி, மெத்தி" என்று மூன்று தடவை சொன்னாராம். மெத்தி என்றால் இந்தியில் வெந்தயமாம். "வெந்தயம் போட்ட ஏதாவது சாப்பிட ஆசைப்படுகிறார், செய்து கொண்டு வாருங்கள்" என்றாள் அந்த அம்மா.

நவம்பர் 4

வெந்தயக் குழம்பு வைத்துக்கொண்டு போனேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 5

வெந்தயக் கஞ்சி. சாப்பிடவில்லை.

நவம்பர் 9

வீட்டைக் கழுவினேன். குளியலறைத் தண்ணீர் போகாமல் நின்றது. சல்லடையைக் கழற்றினால் உள்ளே நீளமான முடி, ஒரு கைப்பிடி. என் முடியாகத்தான் இருக்கும். ஒரு மாதமாக இங்கே குளிக்கிறேனே. என் முடியில் பாதி நரைத்துவிட்டது. இதில் நரை இல்லை.

கட்டிலில் இரண்டு தலையணை. ஒரு மாதமாக நான் எதில் படுக்கிறேன் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். சாயங்காலம் ஒரு பாயை வாங்கித் தரையில் விரித்தேன். முதுகுக்கு நல்லது.

நவம்பர் 14

டாக்டர் சொன்னார்: ரத்த அழுத்தம் ஒரு வாரம் ஏறாமல் இருந்தால் விமானத்தில் போகலாம் என்று சான்று தருவார். டிசம்பர் ஏழோடு என் விசா முடிகிறது. ஜெனிலாவிடம் போனில் சொன்னேன். "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். காதில் வைத்தேன். அவள் பேசப்பேச அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 16

இரண்டு மணிக்குக் கஃப்டீரியாவுக்குத் தனியாகப் போனேன். மெத்தில்டாவுக்குக் கடையில் வேலை அதிகம். தலச்சேரிக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்: "மெத்தில்டா சேச்சி வந்தில்லே? பாவம். சேச்சியோட ஹஸ்பெண்டுக்கு இப்போ எப்படி இருக்கு? நல்ல மனுஷன். எத்தனை வருஷமா ரெண்டு பேரும் இந்தக் கசேரயிலதான் இருக்கும். நீங்க அவரோட பெங்ஙளா?"

கசேர என்றால் நாற்காலி, பெங்ஙள் என்றால் கூடப்பிறந்தவள். "ஆமா" என்றேன்.

டீ ஆறிவிட்டது. குடித்தேன்.

நவம்பர் 17

காலை இட்லி ஒன்று. தண்ணீர் 300.

நவம்பர் 18

வழக்கம்போல அவள் கேரியரோடு கீழே உட்கார்ந்திருந்தாள். க்ரீக்குக்குப் போவோம் என்றேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"இந்தப் பெஞ்சுல நீங்க ரெண்டு பேரும் எத்தனை வருஷமா உக்காருறீங்க?"

அவள் கேரியரின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருசம் அக்கா" என்றாள்.

"அக்கான்னு சொல்லாத."

"நான் சொல்ல வேணுமெண்டுதான் ஒவ்வொரு நாளும் வாறது. உங்கட முகத்தைப் பார்த்தால் வாய் வராது."

"அன்னைக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினது?"

"நான்தான். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருந்தனான். விழுந்த சத்தம் கேட்டது."

"அப்போ அந்த வீடு உன் வீடு."

"நீங்க வாறீங்க எண்டு தெரிஞ்சதும் என்ர சாமானை எடுத்துக்கொண்டு சிநேகிதியின்ர அறைக்குப் போயிட்டன்."

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று நினைத்துத்தான் வந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. கேரியரை அவள் மடியிலிருந்து பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். "இனி ஆஸ்பத்திரிப் பக்கம் வராத. சாவி இன்னொண்ணு வச்சிருப்பல்ல, குடு" என்றேன். கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கோத்திருந்தாள். கழற்ற நேரமெடுத்தது.

கேட்க வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாக நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. அந்த முப்பது நாளும் அவர் மொட்டை மாடியில் போனோடு நடந்தது. சிக்னல் இல்லை என்பார்.

என் இடங்கள் என்று நினைத்தேன். ஒன்றுகூட என்னுடையது இல்லை.

நவம்பர் 20

காலை ஒன்றும் இல்லை. மதியம் ஒன்றும் இல்லை. பிரஷர் 180.

நவம்பர் 21

பாக்கியநாதன் வந்தார். "மதினி, நான் சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தார். "சொல்லாம இருந்ததுக்கு நன்றி தம்பி. ஒரு மாசமாவது நிம்மதியா டீ குடிச்சேன்" என்றேன். அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நவம்பர் 23

மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். பிரஷர் இறங்கவில்லை. இப்படியே போனால் சான்று தர முடியாது என்கிறார் டாக்டர். ஷைனி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேச்சி, வீட்டில ஏதாவது பிரச்சனையா? அவர் எப்பவும் கதவையே பார்க்கிறார்" என்றாள்.

நான் அவர் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். "நான் வந்தது பிடிக்கலையா?" அவர் என்னைப் பார்த்தார். வலது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தக் கண் சரியாக மூடாது, சும்மாவே தண்ணீர் வரும் என்று ஷைனி சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 25

மெத்தில்டாவுக்குப் போன் செய்தேன். "நாளைக்குச் சாயங்காலம் மூணு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும் எனக்கு மார்க்கெட்டுல வேலை இருக்கு. அவர்கிட்ட ஆள் வேணும்" என்றேன். "கேக்குதா?" என்று திரும்பக் கேட்டேன். "ஓம்" என்றாள்.

மன்னித்தேன் என்று அவள் நினைக்கக் கூடாது. அவர் சாப்பிட வேண்டும், பிரஷர் இறங்க வேண்டும், விமானம் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 26

எனக்கு மார்க்கெட்டில் ஒரு வேலையும் இல்லை. எங்கே போவது என்று தெரியவில்லை. கஃப்டீரியா முடியாது. சர்ச் முடியாது. பெஞ்ச் முடியாது. கடைசியில் அப்ராவில் ஏறினேன். படகு யாருடைய இடமும் இல்லை. அக்கரை போனேன், இறங்கவில்லை, இக்கரை வந்தேன். ஏழு தடவை. படகுக்காரர் ஐந்தாம் தடவையிலிருந்து காசு வாங்கவில்லை. வங்காளி போலிருக்கிறது. என்னிடம் ஏதோ கேட்டார், புரியவில்லை. கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். தலையாட்டினேன். தண்ணீர்மேல் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக வந்திருக்கின்றன, குளிர் தொடங்குகிறதாம். காற்று முகத்தில் அடித்தது. அங்கே அழுதேன். சத்தம் எஞ்சினில் போய்விட்டது.

ஐந்து மணிக்கு வார்டுக்குத் திரும்பினேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெத்தில்டா அவருடைய வலது காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக அரைக்கண்ணோடு கிடந்தவர், வாய் மூடி, மூச்சு சீராக, தூங்கிக்கொண்டிருந்தார்.

மருந்து மணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது போலத் தெரியவில்லை.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கண் விழிக்கும்போது ஆறரை ஆகிவிட்டது.

நவம்பர் 29

மூன்று நாளாக அவள் மதியத்தில் வருகிறாள். குழாயை எடுத்துவிட்டார்கள். பிரஷர் 140. அவள் வரும்போது நான் படகுக்குப் போகிறேன்.

டிசம்பர் 2

சான்று கிடைத்தது. ஐந்தாம் தேதி விமானம். ஸ்ட்ரெச்சர், கூட ஒரு நர்ஸ். யார்டில் ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

இன்று அவள் கிளம்பும்போது வராண்டாவில் நிறுத்தினேன். "உக்காரு. சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றேன். என்ன என்று விளங்காமல் பார்த்தாள். "அவருக்கு என்ன வேணும், எப்படி வேணும்னு. எனக்குத் தெரியாது. எனக்கு முப்பது நாள் முப்பது நாளாத்தான் தெரியும்."

அவள் சொல்லச்சொல்ல எழுதியது:

இடது பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். டீயில் சீனி கூடாது, ஒரு துண்டு பனங்கட்டி தனியாக வாயில் கொடுக்க வேண்டும். சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, வெல்டிங் தீ பட்டது, அங்கே பிளேடு படக் கூடாது. இடி இடித்தால் பயப்படுவார். வெளியே சொல்ல மாட்டார், கையைப் பிடித்துக்கொண்டால் போதும். செப்டம்பர் 14 அவருடைய அப்பா கடலில் போன நாள், அன்றைக்குக் காலையில் சாப்பிட மாட்டார், கட்டாயப்படுத்தக் கூடாது.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். எனக்கு அந்தத் தழும்பு தெரியாது. இடி எனக்குத் தெரியாது. என் மாமனார் எந்தத் தேதியில் போனார் என்று தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார் என்று தெரியாது.

"வேற?" என்றேன்.

"வேற ஒண்டும் இல்லை" என்றாள். பிறகு, "உங்களைப் பற்றி ஒரு நாளும் குறையாக் கதைக்கேல்ல. அதை எழுதுங்கோ" என்றாள்.

அதை எழுதப் பிடிக்கவில்லை. எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 5

சாவி இரண்டையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். ஏர்போர்ட்டுக்கு அவள் வரவில்லை. நான்தான் வர வேண்டாம் என்றேன். ஆம்புலன்ஸில் அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் பார்த்த பக்கம் பார்க்கவில்லை.

டிசம்பர் 11

தூத்துக்குடி. மழை. கட்டிலை முன்னறையில் போட்டாயிற்று. வருகிறவர்கள் எல்லாம், "இந்த வேதனையிலயும் துபாயைப் பாத்துட்டு வந்துட்டீங்க டீச்சர்" என்கிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்கிறார்கள். உயரமான கட்டடம் என்கிறேன். ஜெனிலாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம்.

மதியம் இடி இடித்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இதை உனக்கு யார் சொன்னது என்று கேட்பது போலிருந்தது.

ஜனவரி 7

ஞாயிறு. பூசை முடிந்து வந்து, பத்தரைக்கு மெத்தில்டாவுக்குப் போன் போட்டு, அவர் இடது காதோரம் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். இது நான்காவது ஞாயிறு. அரை மணி நேரம். அன்றைக்கு முழுவதும் நன்றாகச் சாப்பிடுகிறார், கைப் பயிற்சிக்கும் ஒத்துழைக்கிறார். பிசியோதெரபி தம்பி ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்டான். பூசை ஆசீர்வாதம் என்றேன்.

யாரும் இதற்கு எனக்கு நல்ல மனசு என்று சொல்லிவிடக் கூடாது. அந்த அரை மணி நேரமும் எனக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத்தான் தெரியும்.

கஷ்டம் என்னவென்றால், அந்த நேரத்துக்கு நான் போக இந்த ஊரில் ஓர் இடம் இல்லை. முதல் வாரம் பீச்சுக்குப் போனேன். "என்ன டீச்சர், தனியா? சாருக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். இரண்டாவது வாரம் பூங்கா. என்னிடம் படித்த பையனின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை எழுந்திருக்கவில்லை. போன வாரம் கோயில் கெபி, மாதா சுரூபம் வைத்த குகை. பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, ஏதாவது மனபாரமா என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊர்.

இன்று மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். யாரும் வரவில்லை. ஆனால் படிக்கட்டு வழியாகக் கீழே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஓர் இடம் பார்க்க வேண்டும்.